உங்கள் டப்பாவில் கோடி இல்லை

அந்தக் காணொளியை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள் என்று வாட்ஸ்அப் நண்பர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் மட்டும் ஏழு பேர் அனுப்பினார்கள். ஏழும் ஒரே சரக்கு. யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் செம்பு நிறத்தில் சின்னக் காசு, அதில் தாடி வைத்த ஆபிரகாம் லிங்கன் முகம், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி, கீழே கொட்டை எழுத்தில் ‘இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் கோடீஸ்வரர்’. பின்னணியில் உறுமி மேளம் மாதிரி ஒரு சத்தம்.

நம் ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. பிரான்சுக்குப் போனது பழைய கதை, இப்போது அமெரிக்கா. அங்கிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகள் பெட்டியைக் காலி செய்யும்போது கொட்டிவிட்டுப் போகிற சில்லறை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ பிஸ்கட் டப்பாவிலோ கிடக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரு சென்ட் காசு. அமெரிக்கர்கள் ‘பென்னி’ என்று சொல்வது இதைத்தான். அங்கேயே எதுவும் வாங்க முடியாத காசு என்பதால்தான் அது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். ஆனால் காணொளியைப் பார்த்தவுடன் தாத்தாக்கள் எல்லாரும் டப்பாவைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காருவதில் தப்பில்லை, நல்ல பொழுதுபோக்கு. அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குக் கோபம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கணக்கோடு.

‘பழசு என்றால் விலை’ என்பதுதான் இந்தப் புரட்டுக்கெல்லாம் அஸ்திவாரம். கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியர்களுடைய சின்னச் செப்புக் காசுகள் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அதே காலத்து, அதாவது கான்ஸ்டன்டைன் காலத்துச் சாதாரணச் செப்புக் காசு ஒன்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாணய வியாபாரிகளிடம் இருபது டாலருக்குள் வாங்கலாம். ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருஷத்துக் காசு அது. 1909-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு வகை அமெரிக்க சென்ட்டோ, நன்றாகத் தேய்ந்துபோயிருந்தாலும் ஐநூறு டாலருக்குக் கீழே கிடைக்காது. வயசுக்குத்தான் விலை என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

நான் படித்தது பிரெஞ்சு வழியில். இலக்கண வகுப்பில் எங்கள் ஆசிரியர் ‘ஆன்சியான்’ என்ற சொல்லை வைத்து ஒரு மணி நேரம் எங்களை வறுத்தெடுப்பார். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போட்டால் பழமையானது, மதிப்புள்ளது என்று பொருள். முன்னால் போட்டால் ‘முன்னாள்’ என்று பொருள். ஆன்சியான் மினிஸ்த்ர் என்றால் பழம்பெருமை வாய்ந்த மந்திரி இல்லை, பதவி போன மந்திரி. ‘பியெஸ் ஆன்சியென்’ என்றால் புராதன நாணயம். ‘ஆன்சியென் பியெஸ்’ என்றால் ஒருகாலத்தில் நாணயமாக இருந்த ஏதோ ஒன்று. இந்தக் காணொளிக்காரர்கள் இரண்டாவதைக் காட்டி முதலாவதன் விலையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

சரி, அந்த 1909 காசுக்கு மட்டும் ஏன் அந்த விலை? லிங்கன் பிறந்து நூறு வருஷம் ஆனதற்காக அந்த வருஷம்தான் லிங்கன் சென்ட் வந்தது. அதுவரை அமெரிக்கப் புழக்கக் காசில் எந்த ஜனாதிபதியின் முகமும் கிடையாது. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர் என்ற சிற்பி. மனிதர் தன் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும், வி.டி.பி. என்று, பின்பக்கம் கோதுமைக் கதிர்களுக்குக் கீழே போட்டுக்கொண்டார். ‘இவ்வளவு பெரிசாகவா பெயரைப் போட்டுக்கொள்வது’ என்று பத்திரிகைகளில் ஒரே சத்தம். சில நாட்களிலேயே எழுத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோ சாலையில் அந்த எழுத்தோடு அடிக்கப்பட்டவை 4,84,000. அமெரிக்கா முழுவதும் சேகரிப்பவர்கள் அத்தனை பேரும் அந்த 4,84,000-க்குத்தான் போட்டி போடுகிறார்கள். அதே எழுத்தோடு பிலடெல்பியா சாலையில் அடித்தவை ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். அந்தக் காசு சில டாலருக்கே கிடைக்கும். முகம் ஒன்று, வருஷம் ஒன்று, எழுத்து ஒன்று. தேதிக்குக் கீழே ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில்தான் முழு வித்தியாசமும்.

இப்போது நம் டப்பாவுக்கு வருவோம். 1944-ல் பிலடெல்பியாவில் மட்டும் அடித்த சென்ட் 143 கோடியே 54 லட்சம். 1941 கணக்கெடுப்பில் பிரிவினைக்கு முந்தைய இந்தியா முழுவதற்கும் மக்கள்தொகை 39 கோடி. நம் பாட்டன் பாட்டிகள் எல்லாருக்கும் தலைக்கு மூன்று காசு கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். இது ஒரே ஒரு சாலையின் ஒரே ஒரு வருஷக் கணக்கு. 1909 முதல் 1958 வரை பின்பக்கம் கோதுமைக் கதிரோடு வந்தவற்றை அங்கே ‘வீட் பென்னி’ என்று சொல்கிறார்கள். இதைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் மூட்டையாகத்தான் வாங்குகிறார்கள். சாதாரணமான, தேய்ந்த காசுக்கு வியாபாரி கொடுப்பது சில சென்ட்.

மந்திரச் சொல் போல எல்லாக் காணொளியிலும் வருவது 1943. அந்தக் கதை உண்மையிலேயே நல்ல கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போர் நேரம். தோட்டா உறைக்கும் கம்பிக்கும் செம்பு வேண்டும். எனவே அந்த ஒரு வருஷம் மட்டும் அமெரிக்கா இரும்பில், சரியாகச் சொன்னால் துத்தநாகம் பூசிய எஃகில், சென்ட் அடித்தது. மூன்று சாலைகளிலும் சேர்த்து 109 கோடியே 38 லட்சம். வெள்ளையாக இருந்ததால் ஜனங்கள் பத்து சென்ட் என்று நினைத்து ஏமாந்தார்கள். ஓரம் துருப்பிடித்தது. மறுவருஷமே கைவிட்டுவிட்டார்கள். அந்த இரும்புக் காசு பார்க்க வேடிக்கையாக இருப்பதால் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதனாலேயே இன்றைக்கும் அது ஏராளமாகக் கிடைக்கிறது.

முந்தின வருஷத்து வெண்கல வில்லைகள் சில, வில்லை கொண்டுபோகும் தொட்டிகளின் இடுக்குகளில் சிக்கிக்கொண்டிருந்து, 1943 அச்சுக்கு அடியில் போய்விட்டன. இப்படித் தவறிப் பிறந்த செம்பு நிற 1943 காசுகள் மொத்தமே சில டஜன்தான் உலகத்தில் தெரிய வந்திருக்கின்றன. 1947-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்பீல்டு என்ற ஊரில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மிச்சச் சில்லறையாக ஒரு பையனுக்கு அதில் ஒன்று வந்தது. அந்தக் காசைக் கொண்டுவந்தால் ஹென்றி ஃபோர்டு புதுக் கார் கொடுப்பார் என்று அப்போது ஊரெல்லாம் ஒரு வதந்தி. (வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் இதெல்லாம் இருந்திருக்கிறது.) விசாரித்தால், கார் எல்லாம் பொய் என்று ஃபோர்டு கம்பெனி சொல்லிவிட்டது. அரசாங்கமோ, 1943-ல் அடித்ததெல்லாம் எஃகுதான், செம்பே கிடையாது என்று சொல்லிவிட்டது. பையன் காசைச் செலவழிக்கவில்லை. எழுபது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தார். டென்வர் சாலையில் தவறிப்போன 1943 வெண்கலக் காசு உலகத்திலேயே ஒன்றுதான். 2010-ல் அது 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆக, இது உண்மை. கோடி ரூபாய் சென்ட் இருக்கிறது. காணொளிக்காரர் இங்கேதான் கத்தரிக்கோலை எடுக்கிறார். ‘செம்பில் அடித்த 1943’ என்பதில் முதல் இரண்டு சொல்லை வெட்டிவிட்டு ‘1943 காசு 17 லட்சம் டாலர்’ என்று போடுகிறார். 109 கோடி இரும்புக் காசில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. அந்த இரும்புக் காசு, தேய்ந்த நிலையில், அமெரிக்காவிலேயே சில்லறை விலைக்குக் கிடைக்கிறது.

என்னுடையது செம்பு நிறத்தில்தான் இருக்கிறது என்பவர்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து வந்து வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. விளையாட்டுக்கும் விற்பனைக்குமாக ஆயிரக்கணக்கில் அப்படிப் பூசி விட்டிருக்கிறார்கள். ஒட்டாவிட்டாலும் குதிக்க வேண்டாம். 1948-ன் கடைசி எட்டை இடது பக்கம் சுரண்டினால் மூன்றாகிவிடும். உண்மையான 1943-ல் மூன்றின் வால் மற்ற எண்களைவிடக் கீழே நீண்டு இறங்கும், சுரண்டிய மூன்றுக்கு அந்த வால் இருக்காது. நகாசு வேலைக்காரர்கள் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

1958 காசுக்கும் இதே கத்தரிக்கோல்தான். 2023 ஜனவரியில் 1958 சென்ட் ஒன்று 11 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது நிஜம். அது முகப்புப் பக்கத்து எழுத்தும் எண்ணும் இரட்டையாக விழுந்த பிழைக் காசு. அந்த வகையில் தெரிந்தவை மூன்றே மூன்று. அந்த வருஷம் பிலடெல்பியாவில் மட்டும் 25 கோடிக்கு மேல் அடித்தார்கள், டென்வரில் 80 கோடி. மூன்றைக் காட்டி நூற்றைந்து கோடிக்கு விலை சொல்வதற்கு என்ன பெயர்? நம் ஊரில் மூன்று பேருக்கு லாட்டரி விழுந்தது என்பதற்காக ஊரில் பிறந்தவர்கள் எல்லாம் லட்சாதிபதி என்று ரேஷன் கார்டை மாற்றுவார்களா?

இன்னொரு புளுகு, ‘தேதிக்குக் கீழே எழுத்து இல்லையா? அப்படியானால் அது பிழைக் காசு, அபூர்வம்!’ என்பது. இதைச் சொல்பவனுக்கு அந்த நாட்டுக் காசைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறான். டென்வருக்கு ‘டி’, சான்பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’. பிலடெல்பியாதான் தாய்ச் சாலை, அதன் சென்ட்டில் எழுத்து போடுகிற வழக்கமே இல்லை. 2017-ல் மட்டும், சாலை தொடங்கி 225 வருஷம் ஆனதற்காக ‘பி’ போட்டார்கள். ஆகவே எழுத்தில்லாத காசு கோடிக்கணக்கில், இல்லை, ஆயிரம் கோடிக்கணக்கில் இருக்கிறது. எழுத்தில்லாததால் விலை ஏறிய வருஷம் 1922. அந்த வருஷம் டென்வரில் மட்டுமே சென்ட் அடித்தார்கள், எனவே எல்லாவற்றிலும் ‘டி’ இருந்தாக வேண்டும். அச்சு தேய்ந்து எழுத்து விழாமல் போனவை சில, அவைதான் அபூர்வம். இந்த ஒரு வருஷத்து விதிவிலக்கை எடுத்து நூறு வருஷத்துக் காசுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் சொன்னால் ‘சார், இணையத்தில் இரண்டரை லட்சம் டாலர் என்று போட்டிருக்கிறானே’ என்று படத்தைக் காட்டுகிறார்கள். போட்டிருக்கிறான், யார் இல்லை என்றது? காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சட்டை ஒன்றை மாட்டி ‘விலை ஐந்தாயிரம்’ என்று அட்டை எழுதி நானும் தொங்கவிடலாம். சாயங்காலம் அந்தச் சட்டை அங்கேயே தொங்கும். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி அதே தளத்தில் இருக்கிறது, பேரப் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் எடுத்துத் தருவார்கள்.

பிறகு, காசின் நிலை. ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போடுகிறார்கள். கைபடாமல், அச்சிலிருந்து இறங்கிய பளபளப்போடு இருப்பது அறுபதுக்கு மேல். செம்பின் நிறத்தையே சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரித்து, சிவப்புக்குத் தனி விலை வைக்கிறார்கள். சாதனை விலை எல்லாம் அந்த உச்சியில் நிற்கிற ஒன்றிரண்டுக்குத்தான். நம் வீட்டம்மாக்கள் ‘அழுக்காக இருக்கிறதே’ என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அதோடு தீர்ந்தது. சேகரிப்பவன் விளக்கிய காசைக் கையால் தொடமாட்டான். அந்த மதிப்பெண் போடும் கம்பெனிக்குக் காசை அனுப்பலாமே என்றால், ஒரு காசுக்கு அவர்கள் கேட்கும் கட்டணமும் தபால் செலவும் சேர்ந்து பல பத்து டாலர் ஆகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

உலோகத்துக்காவது விலை உண்டா என்று கேட்ட ஒரு கணக்குப் பிள்ளை நண்பருக்காக: 1982 நடுவில்தான் உலோகம் மாறியது. அதற்கு முந்தையவை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செம்பு, எடை 3.11 கிராம். பிந்தையவை துத்தநாகத்தின் மேல் செம்புத் தோல், 2.5 கிராம். பழைய காசில் உள்ள செம்பு ஒரு சென்ட்டைவிட அதிகம் பெறும் என்பது உண்மைதான். அதனால்தான் 2006 டிசம்பரிலேயே உருக்கத் தடை போட்டார்கள். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. பயணிகள் ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை ஐந்து டாலர் மதிப்புக்கு மேல் நாட்டை விட்டு எடுத்துப் போகவும் கூடாது. எனவே மருமகளிடம் ‘இன்னும் கொஞ்சம் கொண்டுவாம்மா’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ‘விடுங்கள் சார், வயசான காலத்தில் ஒரு ஆசை, யாருக்கு என்ன நஷ்டம்’ என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லாமல் எழுதிக்கொள்ளச் சொன்ன ஒரு நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னைவிட நாலைந்து வயசு இளையவர். மகன் நியூஜெர்சியில். ஹார்லிக்ஸ் பாட்டிலில் காசு. காணொளிக்குக் கீழே இருந்த எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினார். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. ‘ஐயா, உங்களிடம் இருப்பதில் ஒரு காசுக்கு 38 லட்சம் தர அமெரிக்கப் பார்ட்டி ரெடியாக இருக்கிறார். பதிவுக் கட்டணம் மட்டும் 1,450 ரூபாய்.’ கட்டினார். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு சான்றிதழ் வந்தது. அடுத்து ஜி.எஸ்.டி. 9,800. அடுத்து அந்நியச் செலாவணி அனுமதி 18,500. அடுத்து காப்பீடு 22,000. மொத்தம் 51,750. அதன் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. “பையனுக்குத் தெரிஞ்சா என்னண்ணே நினைப்பான்? முப்பத்தஞ்சு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த ஆளு, இப்படி ஏமாந்தாரேன்னு நினைப்பான் இல்ல? போனா போவுது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். பணத்தைவிட அவரை அரித்தது அதுதான். அந்த வெட்கத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஏமாந்தவர் வெளியே சொல்லமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். 1930-க்குப் போன் செய்ய வைத்தேன். சைபர் குற்றங்களுக்கான அரசாங்க எண் அது. முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஒன்பது நாள் கழித்துப் போனால் புகார் எண்தான் கிடைக்கும். அதுதான் கிடைத்தது.

இந்த மோசடி புதிதும் அல்ல. பழைய நோட்டு, நாணயம் வாங்குவதற்கோ விற்பதற்கோ தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், தான் யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவில்லை, நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்தது. அந்த அறிவிப்பை எனக்கு ஒருவர்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

நண்பருடைய பாட்டிலை வாங்கி வந்து ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து பிரித்தேன். மொத்தம் 141 காசு. 132 துத்தநாகம். ஒன்பது பழைய வெண்கலம். அந்த ஒன்பதில் கோதுமைக் கதிர் போட்டது ஒன்று, 1956 டென்வர். அந்த வருஷம் அந்தச் சாலையில் அடித்தவை 109 கோடியே 82 லட்சம். அந்தக் காசுக்குத்தான் 38 லட்சம் ரூபாய் பேசியிருக்கிறார்கள். பாட்டில் முழுவதும் சேர்த்து முகமதிப்பு ஒரு டாலர் நாற்பத்தொன்று சென்ட்.

காணொளி போடுகிறவரும் பணம் பறிக்கிறவரும் வேறு வேறு ஆள் என்று சிலர் வாதாடுகிறார்கள். இருக்கலாம். முன்னவர் வயலை உழுகிறார், பின்னவர் அறுக்கிறார். பார்வை எண்ணிக்கைக்காகப் பாதி உண்மையைக் கூவுகிறவருக்கு, மறுபாதியில் யார் விழுந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் அக்கறை கிடையாது. அதைப் பார்த்துவிட்டு, சரியா தப்பா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் இருபது பேருக்குத் தள்ளிவிடுகிற நம்முடைய கட்டைவிரலும் அந்த வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறது. ‘பார்வர்டுதான் பண்ணினேன்’ என்பது சமாதானம் ஆகாது.

கடைசியாக ஒரு புது வாதம் கிளம்பியிருக்கிறது. ‘அமெரிக்காவில் பென்னியை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் விலை ஏறும்’ என்கிறார்கள். நிறுத்தியது உண்மை. 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்தார்கள். ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் செலவானால் எந்தக் கஜானா தாங்கும்? ஆனால் அந்தக் காசு செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. முப்பதாயிரம் கோடி காசு இன்னும் வெளியே இருப்பதாக அவர்களுடைய நிதித்துறையே சொல்கிறது. கடைசியாக அடித்தவற்றில் 232 செட்டுகளை மட்டும் ‘ஒமேகா’ என்ற கிரேக்க எழுத்தைப் பொறித்துத் தனியாக ஏலம் விட்டார்கள், பெரும் விலைக்குப் போயின. விலை போவதற்காகவே செய்யப்பட்டவை அவை. உங்கள் டப்பாவில் இருப்பதில் ஒமேகா இல்லை.

கனடாவைப் பாருங்கள். 2012 மே மாதம் அங்கே கடைசி சென்ட் அடித்தார்கள், 2013 பிப்ரவரியோடு விநியோகத்தையும் நிறுத்தினார்கள். இத்தனை வருஷமாகிவிட்டது. சாதாரணக் கனடா சென்ட் இன்னும் சாதாரணக் கனடா சென்ட்டாகவே இருக்கிறது.

சேகரிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் நீல நிற அட்டைப் புத்தகம் ஒன்று விற்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு வட்டத் துளை, கீழே தேதியும் சாலையின் எழுத்தும் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் சில்லறையில் தேடித் தேடி ஒவ்வொரு துளையாக அடைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே நாணயப் பைத்தியம் பிடிப்பது அப்படித்தான். 1955-ல் எண்ணும் எழுத்தும் இரட்டையாக விழுந்த சென்ட் இருபதாயிரத்துக்கும் மேல் சாலையை விட்டு வெளியே போய்விட்டது. அதில் பல, தானியங்கி இயந்திரத்தில் விற்ற சிகரெட் பெட்டிக்குள் மிச்சச் சில்லறையாகச் செருகப்பட்டு ஜனங்கள் கைக்கு வந்தன. பெட்டியின் விலை இருபத்து மூன்று சென்ட், இயந்திரமோ கால் டாலரைத்தான் வாங்கும், பாக்கி இரண்டு சென்ட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். இந்தக் கதைக்காகவே அந்தக் காசை ஆசைப்படலாம். நான் ஆசைப்படுகிறேன். என் பென்ஷனுக்கு அது கட்டாது.

நண்பருடைய 141 காசும் இப்போது என் மேஜையில் வருஷவாரியாக, சாலைவாரியாகப் பொட்டலம் கட்டி இருக்கிறது. அவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார், கண்ணில் காட்டாதீர்கள் என்கிறார். நாணயத்தில் ஆர்வமுள்ள பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அழைத்து வாருங்கள், கொடுத்தனுப்புகிறேன். காந்தமும் பூதக்கண்ணாடியும் இங்கேயே இருக்கின்றன. பதிவுக் கட்டணம் கிடையாது.